டிர் அன் கிரே ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது, எந்தப் பதிப்பைக் கேட்பது

டிர் அன் கிரே என்ற ஜப்பானிய ராக் குழுவை முழுதாகக் கேட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் 1999-இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி வரிசையாக இறங்குவார்கள். அது வேலைக்கு ஆகாத வழி. இந்தக் குழுவின் குரல், கிட்டாரின் கனம், ஒலிப்பதிவின் தரம் எல்லாமே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு மாறியிருக்கின்றன. முதல் ஆல்பம் பிடித்தவருக்கு ஏழாவது பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, முதலாவது பிடிக்கவில்லை என்பதற்காக ஏழாவதை விடவும் கூடாது. நடுவில் நுழைந்து இரண்டு பக்கமும் நகர்வதே நல்லது. அத்துடன், கேட்கும் பாட்டு எந்த ஆண்டுப் பதிவு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரசிகர்களுக்குள் நடக்கும் பல சண்டைகள், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வெவ்வேறு பதிவுகளை இருவர் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு அறிமுகம் இது: 1997-இல் உருவான குழு. பாடகர் கியோ, கிட்டாரில் கவோருவும் டாயும், பேஸ் கிட்டாரில் தொஷியா, டிரம்ஸில் ஷின்யா. தொஷியா தவிர மற்ற நால்வரும் அதற்கு முன் லா சாடீஸ் என்ற குழுவில் இருந்தவர்கள். அன்று முதல் இன்றுவரை அதே ஐவர்தான். அலங்கார உடையும் ஒப்பனையும் கொண்ட ஜப்பானிய ராக் பாணியான விஷுவல் கே உலகில் இது அபூர்வம்; அங்கே ஆட்கள் மாறுவதும் குழு கலைவதும் மறுபடி சேர்வதும் வாடிக்கை. ஆகவே இவர்களின் ஆல்பங்களுக்கு இடையே கேட்கும் மாற்றத்துக்கு ‘ஆள் மாறிவிட்டார்’ என்ற சுலபமான விளக்கம் கிடையாது.

படி 1: 2005-இல் நுழையுங்கள்

முதலில் எடுக்க வேண்டியது ‘விதரிங் டு டெத்’. மார்ச் 2005-இல் வந்தது, 14 பாட்டு. பழைய நாட்களின் மெலடி இன்னும் மீதம் இருக்கிறது, பின்னால் வரப்போகும் அலறலும் கனமும் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. ஜப்பானுக்கு வெளியே இருக்கும் ரசிகர்களில் ஒரு தலைமுறையே இந்த வாசல் வழியாக வந்ததுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது தனியாக வெளியானது, 2006-இல் கார்ன் குழு நடத்திய ஃபேமிலி வேல்யூஸ் சுற்றுப்பயணத்தில் இவர்களும் அமெரிக்க மேடைகளில் ஏறினார்கள்.

முழு ஆல்பத்துக்குள் போகுமுன் நான்கு பாட்டைத் தனியாகக் கேளுங்கள்: ‘சாக்கு’, ‘தி ஃபைனல்’, ‘டெட் ட்ரீ’, கடைசியில் இருக்கும் ‘கொதோ’. ‘சாக்கு’ வேகமும் கத்தலும். ‘தி ஃபைனல்’ பாடக்கூடிய மெட்டு. ‘டெட் ட்ரீ’ மெதுவாக அழுத்தும் வகை. இந்த நான்கில் குறைந்தது இரண்டு ஒட்டினால் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லையா? உடனே கைவிட வேண்டாம், வாசலை மாற்றிப் பாருங்கள். மெட்டல் ஏற்கெனவே கேட்டுப் பழகியவர், நீளமான பாட்டுகளுக்குப் பொறுமை உள்ளவர் என்றால் ‘உரோபொரோஸ்’. அலறல் காதுக்கு ஒத்துவரவில்லை, மெலடி வேண்டும் என்றால் ‘ஆர்க்கே’.

கேட்கும் முறையிலும் சில தவறுகள் நடக்கின்றன. போனில் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கிட்டார்களைத் தாழ்வாகச் சுருதி இறக்கி வாசிக்கிறார்கள். அதற்குமேல் பேஸைக் கூட்டினால் தொஷியாவின் வாசிப்பும் கிட்டாரும் ஒன்றாகக் குழைந்து வெறும் இரைச்சலாகிவிடும், பிறகு ‘மிக்ஸிங் மோசம்’ என்று குழுவைக் குறை சொல்வீர்கள். ஷஃபிளும் கூடாது. ‘உரோபொரோஸ்’ தொடங்கும் ‘ஸா பிர்’ என்ற சிறு முன்னுரை அடுத்து வரும் ‘வினுஷ்கா’வுக்காகவே போடப்பட்டது, அதைத் தனியே கேட்டால் ஒன்றும் புரியாது. ‘காஸ்’ ஆல்பமும் ‘மோட் ஆஃப் ஆடம்’ என்று திறந்து ‘மோட் ஆஃப் ஈவ்’ என்று மூடும்.

படி 2: பின்னால் போங்கள்

‘விதரிங்’ பிடிபட்ட பிறகு 1997 நோக்கி ஒவ்வொன்றாகப் பின்வாங்குங்கள். இந்தத் திசையில் போனால் ஒவ்வொரு ஆல்பத்திலும் எது புதிதாக முளைத்தது என்பது துலக்கமாகத் தெரியும்.

‘வல்கர்’, செப்டம்பர் 2003, 15 பாட்டு. குழு திரும்பிய முனை இது. அலங்கார உடைகள் குறைந்தன, கிட்டார் கனத்தது, கியோ மெட்டை விட்டுக் கத்தலை முன்னால் வைத்தார். ‘அப்ஸ்க்யூர்’, ‘கசுமி’, ‘டிரெய்ன் அவே’ மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆல்பத்தின் அகலம் புரியும். 15 பாட்டு என்பது சற்று அதிகம்தான், நடுவில் சோர்வு தட்டும். இரண்டு தவணையாகக் கேட்பதில் குற்றமில்லை.

அதற்கு முன் வந்தது ‘சிக்ஸ் அக்லி’, ஜூலை 2002, ஆறே பாட்டு. பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக் கூடாது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த ‘கிஸோ’வுக்கும் ‘வல்கரு’க்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு விடை இந்த ஆறு பாட்டில்தான் இருக்கிறது. கடைசிப் பாட்டு 1997-இன் ‘மிஸ்ஸா’ என்ற சிறு ஆல்பத்திலிருந்து எடுத்துத் திரும்பப் பதிந்தது. பழைய பாட்டைப் புதுக் கனத்தோடு மறுபடி பதிவது என்ற பழக்கம் அப்போதே இருந்தது, அது பின்னால் எவ்வளவு பெரிதாகிறது என்பது படி 4-இல் வரும்.

‘கிஸோ’ ஒரு கலவை. எலக்ட்ரானிக் துணுக்குகள், பங்க், பேய்ப்பட வாடை, நேரான பாப் ராக் எல்லாம் ஒரே தட்டில். ஒருமைப்பாடு இல்லை என்பவர்களும் உண்டு, அதுவே அழகு என்பவர்களும் உண்டு. என் கட்சி இரண்டாவது. ‘கராசு’, ‘ஃபில்த்’, ‘பாட்டம் ஆஃப் த டெத் வேலி’, ‘ஜெஸிகா’ ஆகியவற்றைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

‘மகாப்ர’ செப்டம்பர் 2000-இல் வந்தது. தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். அதே ஆல்பத்தில்தான் ‘தாயோ நோ ஆவோ’ போன்ற வெயில் படும் பாட்டும், ‘ஸகுரோ’ போன்ற கண்ணீர்ப் பாட்டும், ‘ரஸெட்சுகொகு’ போன்ற வேகப் பாட்டும் இருக்கின்றன. பழைய காலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் இதை எடுங்கள்.

கடைசியாக ‘காஸ்’, ஜூலை 1999. எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழுவின் யோஷிகி இதில் ஐந்து பாட்டுக்குத் தயாரிப்பாளர். அவற்றில் மூன்று, ‘யுராமெகி’, ‘ஸான்’, ‘அக்குரோ நோ ஒக்கா’, 1999 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் மூன்று தனி சிங்கிள்களாக வந்தவை. குழுவின் பெரிய நிறுவன அறிமுகமே அதுதான். யோஷிகி தொட்ட பாட்டுகளையும் தொடாதவற்றையும் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ‘மஸோஹிஸ்ட் ஆஃப் டிகேடன்ஸ்’ போன்ற இருண்ட நீளப் பாட்டுகளில்தான் பின்னாளைய குழு ஒளிந்திருக்கிறது. இதிலிருந்து 1997-இன் ‘மிஸ்ஸா’வுக்கு இறங்குவது ஆர்வமிருந்தால் மட்டும்.

படி 3: முன்னால் போங்கள், ஆனால் ஒன்றைத் தள்ளிவையுங்கள்

‘விதரிங்’கிற்கு அடுத்தது பிப்ரவரி 2007-இன் ‘தி மேரோ ஆஃப் எ போன்’. வரிசைப்படி இதுதான் அடுத்தது என்றாலும் இப்போது தொடாதீர்கள். குழுவின் ஆல்பங்களிலேயே வறண்டதும் முரட்டுத்தனமானதும் இது. முதல் பாட்டான ‘கன்சீவ்ட் ஸாரோ’ பியானோவில் உருகித் தொடங்கும், அதை நம்பி உள்ளே போனால் பெரும்பகுதி அடிதடிதான். இடைவெளியே விடாத இந்தக் கோபத்தில் ரசிக்க நிறைய உண்டு. ஆனால் குழுவின் மற்ற முகங்கள் தெரிந்த பிறகுதான் அது ஒரு தேர்வு என்று புரியும். முன்னாலேயே கேட்டால் இவர்களுக்கு இவ்வளவுதான் வரும் என்று தோன்றிவிடும்.

நேராக ‘உரோபொரோஸ்’, நவம்பர் 2008. பெரும்பாலான ரசிகர்கள் உச்சம் என்று சொல்வது இதைத்தான், எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ‘வினுஷ்கா’ ஒன்பதரை நிமிடம் ஓடும்: அகூஸ்டிக் கிட்டாரில் மெல்லத் தொடங்கி, பாடலாக வளர்ந்து, நடுவில் உடைந்து சிதறி, மறுபடி கூடும். கியோவின் குரல் இந்த ஆல்பத்தில்தான் முழுதாகத் திறக்கிறது. தாழ்ந்த உறுமல், கிசுகிசு, பெண்குரல் உயரம், கிறீச்சிடல் எல்லாம் ஒரே பாட்டுக்குள். மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறை குரலை மறந்துவிட்டு ஷின்யாவின் டிரம்ஸை மட்டும். மூன்றாவது சுற்றில்தான் பாட்டுகளின் எலும்புக்கூடு தெரியும்.

‘டும் ஸ்பிரோ ஸ்பெரோ’ ஆகஸ்ட் 2011. ஏழு தந்தி கிட்டார், அடர்ந்த அடுக்குகள், ‘டியாபொலோஸ்’ என்ற பத்து நிமிடத்தை ஒட்டிய பாட்டு. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. காரணம் மிக்ஸிங்கில் காற்றோட்டமே இல்லை. மலிவான இயர்போனில் எல்லாம் ஒரே சுவராகக் கேட்கும். நல்ல ஹெட்போனில், சத்தத்தைச் சற்றுக் குறைத்து, ஒருநாளைக்கு நான்கைந்து பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூச்சுள்ளவரை நம்பிக்கை’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்பு. ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வந்த அதே ஆண்டு. இரண்டையும் இணைத்து ஆல்பம் முழுவதையும் பேரிடருக்கான பதிலாக வாசிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். அந்த வாசிப்பைக் கவனமாகக் கையாளுங்கள்: இதிலுள்ள ‘ஹகெஷிஸா தோ’ என்று தொடங்கும் நீண்ட பெயர்ப் பாட்டு 2009 டிசம்பரிலேயே சிங்கிளாக வந்துவிட்டது, ‘லோட்டஸ்’ 2011 ஜனவரியில். நிலநடுக்கம் மார்ச்சில்.

2012-இல் கியோவின் தொண்டைப் பிரச்சினையால் குழு மேடையிலிருந்து விலகி இருந்தது. அதற்குப் பின் வந்த ‘ஆர்க்கே’ (டிசம்பர் 2014, 16 பாட்டு) மூச்சு விட்டாற்போல் இருக்கும். பாட்டுகள் குறுகின, மெட்டு முன்னால் வந்தது. ‘உன் து’, ‘ரின்காகு’, ‘சஸ்டெயின் தி அன்ட்ரூத்’, ‘ரெவலேஷன் ஆஃப் மேன்கைண்ட்’ நான்கும் நல்ல கைப்பிடிகள். 2018-இன் ‘தி இன்சுலேட்டட் வேர்ல்ட்’ மறுபடி கோபம்: பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடத் துரித அடிகள், கடைசியில் ‘ரனன்குலஸ்’ மட்டும் திறந்த வானமாக. இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான் நீங்கள் தள்ளிவைத்த ‘மேரோ’வை எடுக்க வேண்டும். இரண்டும் உறவுக்காரர்கள், அடுத்தடுத்துக் கேட்டால் பதினொரு ஆண்டில் அதே கோபத்தை எழுதும் கை எவ்வளவு தேர்ந்திருக்கிறது என்று தெரியும். ஜூன் 2022-இன் ‘ஃபாலாரிஸ்’ 11 பாட்டு. தொடக்கத்தில் ‘ஷாடன்ஃப்ராய்ட’, முடிவில் ‘கமுய்’, இரண்டும் ஒன்பது நிமிடத்தைத் தாண்டும் தூண்கள். பழக்கமில்லாதவர்கள் முதலில் ‘ஒபொரோ’வைக் கேட்டுவிட்டுத் தூண்களுக்குப் போகலாம்.

படி 4: எந்தப் பதிவு என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்: பாட்டு, ஆண்டு, எந்தத் தட்டு. வெட்டி வேலை போலத் தோன்றும், ஒரே வாரத்தில் பயன் தெரியும்.

அதிகம் குழப்புவது ‘உரோபொரோஸ்’. ‘டோஸிங் கிரீன்’, ‘கிளாஸ் ஸ்கின்’ இரண்டும் சிங்கிளாக வந்தபோது ஜப்பானிய வரிகள், 2008 ஆல்பத்தில் ஆங்கில வரிகள். 2012 ஜனவரியில் ‘ரீமாஸ்டர்ட் அண்ட் எக்ஸ்பாண்டட்’ பதிப்பு வந்தபோது மறுபடி ஜப்பானிய வரிகள். அந்தப் பதிப்பை டூ மாட்ஸன் புதிதாக மிக்ஸ் செய்ததால் டிரம்ஸும் கிட்டாரும் உட்காரும் இடமே வேறு. 13 பாட்டு 15 ஆகவும் ஆனது: ‘ஹைட்ரா 666’, ‘புகபூ ரெஸ்பிரா’ இரண்டும் உள்ளே நுழைந்தன. ‘அந்த ஆல்பத்தின் ஒலி மங்கல்’ என்று ஒருவரும் ‘கூர்மையாகத்தானே இருக்கிறது’ என்று மற்றவரும் சொன்னால் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். புதியவருக்கு முதலில் 2008 பதிப்பைச் சொல்வேன். அதன் மங்கலான மூட்டம் ஆல்பத்துக்குப் பொருந்துகிறது. ரீமாஸ்டர் தெளிவு, ஆனால் கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போன தெளிவு.

அடுத்தது மறுபதிவுகள். ‘ஸான்’ 2009 சிங்கிளின் இரண்டாம் பாட்டாகவும், ‘அப்ஸ்க்யூர்’ ‘லோட்டஸ்’ சிங்கிளிலும், ‘மிஸ்ஸா’வின் ‘கிரி தோ மாயு’ 2012-இன் ‘ரின்காகு’ சிங்கிளிலும் புதிதாகப் பதியப்பட்டன. ஏப்ரல் 2013-இன் ‘தி அன்ராவெலிங்’ பெரும்பாலும் மறுபதிவுகளே: ‘கசுமி’, ‘தி ஃபைனல்’, ‘பாட்டம் ஆஃப் த டெத் வேலி’ எல்லாம் அங்கே வேறு உருவில் இருக்கின்றன. ‘மகாப்ர’வின் புது வடிவம் அதன் வரம்புப் பதிப்பில் (லிமிடெட் எடிஷன்) மட்டும். 2024 செப்டம்பரில் ‘19990120’ என்ற பெயரிலேயே ஒரு சிங்கிள் வந்தது, அந்த மூன்று அறிமுகப் பாட்டுகளின் மறுபதிவு. ‘கிளெவர் ஸ்லீஸாய்ட்’ 2005 சிங்கிளில் ஒரு மாதிரி, ‘மேரோ’வில் இன்னொரு மாதிரி. மூலத்தை முதலில் கேட்டுவிட்டு மறுபதிவுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் பழையது மெலிந்து தெரியும், அது அதற்கு நியாயமல்ல.

எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் சேராமல் தனியே நிற்கும் பாட்டுகளும் உண்டு. 2001-இன் ‘எய்ன்ட் அஃப்ரெய்ட் டு டை’, 2019-இன் ‘தி வேர்ல்ட் ஆஃப் மெர்சி’ இரண்டையும் தவறவிடாதீர்கள். முன்னதை 2007-இல் வந்த ‘டிகேட்’ தொகுப்புகளில் முதலாவதில் பிடிக்கலாம். 2018-இன் ‘வெஸ்டீஜ் ஆஃப் ஸ்க்ராட்சஸ்’ மூன்று தட்டுத் தொகுப்பு. அதில் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தேடிப் பார்க்க நல்லது, தொடங்க நல்லதல்ல. ஆல்பங்களாக யோசிக்கும் குழு இது.

தேடும்போது இன்னொரு இடைஞ்சல். ஒரே பாட்டு ஓரிடத்தில் காஞ்சி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்திலும் வேறிடத்தில் ரோமன் எழுத்திலும் இருக்கும். ரோமன் எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் பாட்டு இல்லை என்று முடிவுகட்டாமல், ஆல்பத்தின் பக்கத்துக்குப் போய் எத்தனையாவது பாட்டு என்று எண்ணிப் பாருங்கள்.

படி 5: வரிகளும் எச்சரிக்கையும்

கொலை, தற்காயம், பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை எல்லாம் கியோவின் வரிகளில் வரும். ‘அப்ஸ்க்யூர்’, ‘சாக்கு’ ஆகியவற்றின் வீடியோக்களை வீட்டில் சிறுவர் இருக்கும்போது போடாதீர்கள். 2000-களின் மேடைப் பதிவுகள் சிலவற்றில் அவர் தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் உண்டு. இவை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாட்டை மட்டும் கேட்டால் போதும், வீடியோ பார்க்காததால் ரசிகத் தகுதி குறைந்துவிடாது.

மொழிபெயர்ப்புகளை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படியுங்கள். ஒரு காஞ்சியை எழுதிவிட்டு அதை வேறு சொல்லாகப் பாடுவது கியோவுக்குப் பழக்கம். அச்சில் இருப்பதை மொழிபெயர்த்தவருக்கு ஒரு பொருளும் காதில் விழுந்ததை மொழிபெயர்த்தவருக்கு இன்னொரு பொருளும் கிடைக்கும். ஒரே ஒரு மொழிபெயர்ப்பின் மேல் பெரிய விளக்கம் கட்ட வேண்டாம்.

படி 6: தட்டு வாங்குவதென்றால்

ஜப்பானில் ஒரே ஆல்பம் சாதாரணப் பதிப்பு, முதல் அச்சு வரம்புப் பதிப்பு, முழு வரம்புப் பதிப்பு என்று இரண்டு மூன்று உருவில் வரும். கூடுதல் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலையை யோசியுங்கள். பாட்டுகள் மட்டும் வேண்டுமானால் சாதாரணப் பதிப்பே போதும். புது சிடிகளுக்கு ஜப்பானில் நிர்ணய விலை முறை இருப்பதால் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதில் பலனில்லை. புக் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில்தான் விலை இறங்கும். அங்கே மூன்று விஷயம் பாருங்கள்: முதுகில் சுற்றும் காகிதப் பட்டை, அதாவது ஒபி, இருக்கிறதா, வாடகைக் கடையிலிருந்து வந்த தட்டா (ஸ்டிக்கர் ஒட்டிய தடம் இருக்கும்), வரிகள் அச்சான சிறுநூல் உள்ளே இருக்கிறதா. மூன்றாவது இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

கச்சேரித் தட்டுகளுக்கு மண்டலக் குறியீடு (எந்த நாட்டுக் கருவியில் தட்டு ஓடும் என்ற குறி) பாருங்கள். டிவிடியில் ஜப்பான் 2, இந்தியாவும் இலங்கையும் 5, மலேசியாவும் சிங்கப்பூரும் 3. ப்ளூ ரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியக் கருவிகள் ஏ என்பதால் அங்கே சிக்கல் இல்லை. எல்லா மண்டலத்துக்கும் என்று குறித்த தட்டுகளும் உண்டு, பின்னட்டையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முதலில் வாங்குவதென்றால் 2010 ஜனவரியில் நிப்போன் புடோகானில் நடந்த ‘உரோபொரோஸ்’ கச்சேரி.

படி 7: பேச வரும்போது

ஆண்டைச் சொல்லிப் பேசுங்கள். ‘கசுமி நன்றாக இல்லை’ என்பதற்குப் பதில் ‘2013 கசுமி எனக்கு ஒட்டவில்லை, 2003 ஒட்டியது’ என்றால் உரையாடல் நகரும். ஒருமுறை கேட்டுவிட்டுத் தரவரிசைப் பட்டியல் போடாதீர்கள், குறிப்பாக ‘டும் ஸ்பிரோ ஸ்பெரோ’வுக்கு. இவர்கள் இன்னும் விஷுவல் கேதானா என்ற கேள்வியைக் கிளப்பினால் மூன்று நாள் ஓடும், எங்கும் போய்ச் சேராது. அதைவிட ‘இந்தப் பாட்டில் எந்த நொடியில் திருப்பம் வருகிறது’ என்று கேளுங்கள், பழைய ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

2016 முதல் சில காலம் குழு தன் ஆல்பங்களை ஒவ்வொன்றாக மையமாக வைத்துத் தனித்தனிச் சுற்றுப்பயணம் போனது. ‘மோட் ஆஃப்’ என்று சேர்த்து ஆல்பத்தின் பெயர் வரும். ஆகவே ஒருவர் ‘மோட் ஆஃப் காஸ்’ என்றால் அவர் சொல்வது 1999-இன் ‘காஸ்’ தட்டை அல்ல, அந்தப் பாட்டுகளை ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்த கைகள் மேடையில் வாசித்ததை. பதில் எழுதுமுன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.